பட்டா, உட்பிரிவு, அடங்கல்: கேக்பிஎச்பி சட்டகத்தில் உறவுத் தரவுகள்

தமிழ்நாட்டின் வருவாய்க் கிராமங்களுக்கென நிலக் கணக்குகள் பல உள்ளன. அவற்றுள் பொதுமக்கள் அடிக்கடி நாடுபவை ‘அ’ பதிவேடு, சிட்டா, அடங்கல் ஆகிய மூன்றும் ஆகும். ‘அ’ பதிவேடு புல எண் வரிசையில் அமைந்து, ஒவ்வோர் உட்பிரிவும் நன்செயா புன்செயா, அதன் பரப்பும் தீர்வையும் எவ்வளவு, அது எந்தப் பட்டா எண்ணில் அடங்குகிறது என்பனவற்றைக் காட்டுகிறது. சிட்டா அதே செய்தியைப் பட்டா எண் வரிசையில் அடுக்கி, ஒரு பட்டாவில் அந்தக் கிராமத்துக்குள் அடங்கிய நிலங்கள் அனைத்தையும் ஓரிடத்தில் தருகிறது. அடங்கலோ, ஜூலை முதல் ஜூன் வரை நீளும் ஒவ்வொரு பசலி ஆண்டிலும் எந்த உட்பிரிவில் என்ன பயிர் நின்றது என்பதைக் கிராம நிர்வாக அலுவலர் பதிந்து வைக்கும் கணக்காகும். இக்கணக்குகளின் பின்னணியைத் திண்டுக்கல் பகுதியைக் கொண்டு பார்க்கலாம். 1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போன பகுதிகளுள் திண்டுக்கல்லும் ஒன்று. அதன் பின்னர் சென்னை மாகாணத்தில் வேரூன்றிய ரயத்துவாரி முறை, உழவரையும் அவர் புலத்தையும் நேரடியாக அரசின் கணக்கில் ஏற்றியதால், ‘எவருடைய எந்த நிலம்’ என்னும் இணைப்பே வருவாய் நிருவாகத்தின் அச்சாணி ஆயிற்று. 1979 முதல் 1987 வரை நடந்த யுடிஆர் என்னும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுப் பணி இந்த இணைப்புகளைப் புதுப்பித்தது. அப்பணி நடந்துகொண்டிருக்கும்போதே, 1985-இல், மதுரையிலிருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மாவட்டம் ஆயிற்று.

இந்தக் கணக்குகள் காகிதத்தில் இருந்த காலத்தில், நிலம் கைமாறும்போது ஒரே மாற்றத்தை ஒன்றுக்கு மேற்பட்ட ஏடுகளில் எழுத வேண்டியிருந்தது. ஓர் ஏட்டில் எழுதி மற்றோர் ஏட்டில் விட்டுப்போனால், இரண்டும் வெவ்வேறு உண்மைகளைச் சொல்லும். இன்று இக்கணக்குகள் தேசிய தகவலியல் மையம் உருவாக்கிய ‘தமிழ் நிலம்’ மென்பொருளில் பேணப்பட்டு இணையத்திலும் பார்க்கக் கிடைக்கின்றன. அந்த மென்பொருளின் உள்ளமைப்பு இக்கட்டுரையின் பொருளன்று. திண்டுக்கல் பகுதியின் நிலக் கணக்கை எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஒன்றோடொன்று தொடர்புடைய தரவுகளை ஒரு பிஎச்பி வலைச் சட்டகம் எவ்வாறு வினவித் தருகிறது, எவ்வாறு சேமிக்கிறது என்பதை விளக்குவதே இதன் நோக்கம்.

ஒரு செய்தியை ஒரே இடத்தில் மட்டும் எழுதி, மற்ற இடங்களிலிருந்து அதைச் சுட்டிக்காட்டினால் போதும் என்னும் கருத்துக்குக் கணித வடிவம் தந்தவர் ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வாளர் எட்கர் காட். அவருடைய கட்டுரை 1970-இல் வெளிவந்தது. உறவுநிலைத் தரவுத்தளம் எனப்படும் இவ்வமைப்பில் செய்திகள் அட்டவணைகளாகப் பிரிக்கப்படுகின்றன. அட்டவணையின் ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் எண் முதன்மைத் திறவுகோல் எனப்படும். அந்த எண்ணை வேறோர் அட்டவணையின் வரி தாங்கி நிற்கும்போது, அங்கே அது அயல் திறவுகோல் ஆகிறது. நிலக் கணக்கை இவ்வாறு பிரித்தால் கிராமம், பட்டா, உடைமையாளர், உட்பிரிவு, அடங்கல் பதிவு என ஐந்து அட்டவணைகள் கிடைக்கும். ‘அ’ பதிவேடும் சிட்டாவும் தனி அட்டவணைகளாக இருக்க வேண்டியதில்லை. ஒரே தரவைப் புல எண்ணால் வரிசைப்படுத்தினால் முன்னது, பட்டா எண்ணால் தொகுத்தால் பின்னது.

ஓர் உட்பிரிவு ஒரே பட்டாவுக்கு உரியது. ஒரு பட்டாவிலோ பல உட்பிரிவுகள் அடங்கும். ஓர் உட்பிரிவுக்குப் பசலிதோறும் அடங்கல் பதிவுகள் சேர்ந்துகொண்டே போகும். உடைமையாளருக்கும் பட்டாவுக்கும் இடையிலான உறவே இவற்றுள் சிக்கலானது. கூட்டுப் பட்டா ஒன்றில் உடன்பிறந்தார் நால்வர் பெயர் இருக்கலாம். அந்த நால்வருள் ஒருவருக்குத் தனிப் பட்டாவும் இருக்கலாம். இரு பக்கமும் பன்மையாகிற இத்தகைய உறவை எந்த ஒரு பக்கத்து அயல் திறவுகோலாலும் சுமக்க இயலாது. ஆகவே, இன்ன உடைமையாளர் இன்ன பட்டாவில் உள்ளார் என்று மட்டும் வரிக்கு வரி சொல்லும் இணைப்பு அட்டவணை ஒன்று இடையில் தேவைப்படுகிறது.

பிஎச்பி என்பது ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995-இல் வெளியிட்ட வலைநிரல் மொழி. அம்மொழியில் எழுதுவோர் ஒவ்வொரு முறையும் அடித்தளத்திலிருந்து தொடங்காமல் இருப்பதற்கென உருவான ஆயத்த அமைப்புகளே சட்டகங்கள். அவற்றுள் ஒன்றாகிய கேக்பிஎச்பி, ரூபி மொழியின் ரெயில்ஸ் சட்டகத்தின் தாக்கத்தால் 2005-இல் மிஹால் தத்தாரினோவிச் என்பவர் தொடங்கிவைத்தது. 2015-இல் வந்த மூன்றாம் பதிப்பில் அதன் தரவு அடுக்கு முழுவதும் புதிதாக எழுதப்பட்டது. 2011-இல் தோன்றிய லாரவெல் இன்று அதைவிடப் பரவலாக வழங்குகிறது என்றாலும், உறவுகளைக் கையாளும் முறையை ஒளிவுமறைவின்றிப் புரிந்துகொள்ளக் கேக்பிஎச்பியே ஏற்ற பாடம்.

இச்சட்டகத்தில் ஒவ்வோர் அட்டவணைக்கும் ஒரு ‘டேபிள்’ வகுப்பும், அட்டவணையின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு ‘என்டிட்டி’ பொருளும் உண்டு. உறவுகள் டேபிள் வகுப்பில் ஒரே முறை அறிவிக்கப்படுகின்றன. அயல் திறவுகோலைத் தாங்கும் அட்டவணை தன்னை மற்றொன்றுக்கு உரியதாக அறிவிப்பது ‘பிலாங்ஸ்டு’ உறவு. ஒன்றுக்குப் பல என்பது ‘ஹாஸ்மெனி’. ஒன்றுக்கு ஒன்று என்பது ‘ஹாஸ்ஒன்’. இணைப்பு அட்டவணை வழியாகப் பலவற்றுக்குப் பல என்பது ‘பிலாங்ஸ்டுமெனி’. எனவே உட்பிரிவு பட்டாவுக்கு ‘பிலாங்ஸ்டு’, பட்டா உட்பிரிவுகளுக்கு ‘ஹாஸ்மெனி’, உடைமையாளரும் பட்டாவும் தம்முள் ‘பிலாங்ஸ்டுமெனி’. பெயரிடும் மரபைப் பின்பற்றினால் கூடுதல் விளக்கமின்றியே சட்டகம் திறவுகோல்களை ஊகித்துக்கொள்ளும். ஆனால் அந்த மரபு ஆங்கிலப் பன்மையை அடிப்படையாகக் கொண்டதாதலால், திண்டுக்கல்லில் எழுதப்படும் நிரலிலும் பட்டாக்களின் அட்டவணை ‘பட்டாஸ்’ என்றே பெயர் பெறும்.

வினவலுக்கு வருவோம். ஒரு கிராமத்தின் உட்பிரிவுகளைக் கேட்டால், மூன்றாம் பதிப்பு முதல், உட்பிரிவுகள் மட்டுமே வரும். பட்டாவும் வேண்டுமென்றால் ‘கன்டெயின்’ என்னும் கட்டளையால் அதைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். பழைய பதிப்புகளில் நிலைமை நேர்மாறானது; ‘ரெக்கர்சிவ்’ என்னும் அமைப்பின் இயல்பு மதிப்பு, கேட்டாலும் கேளாவிட்டாலும் நேரடி உறவுகள் அனைத்தையும் இழுத்துவந்தது. கேட்டதை மட்டும் தரும் புதிய ஏற்பாடு தொடக்கநிலையினர்க்கு எரிச்சலூட்டினாலும் அதுவே நல்லது. உறவுகளை வேண்டும்போது தானாகக் கொணரும் சட்டகங்களில், 400 உட்பிரிவுகளைச் சுற்றில் எடுத்து ஒவ்வொன்றின் பட்டாவையும் தொட்டால், உட்பிரிவுகளுக்கு ஒன்றும் பட்டாக்களுக்கு 400-உமாக 401 வினவல்கள் தரவுத்தளத்துக்குப் போகும். எழுதியவர் கண்ணுக்கு அது தெரியாது. கேக்பிஎச்பியோ ‘பிலாங்ஸ்டு’ உறவை அதே வினவலுக்குள் இணைத்து விடுகிறது. ‘ஹாஸ்மெனி’ உறவாயின், முதல் வினவலில் வந்த திறவுகோல்களைத் திரட்டி, இரண்டாவது வினவல் ஒன்றால் அவற்றைச் சுட்டும் பிள்ளை வரிகள் அனைத்தையும் கொணர்ந்து உரியவற்றோடு பொருத்துகிறது.

திண்டுக்கல் மாவட்டத்து நிலக்கோட்டைப் பகுதியின் கிராமம் ஒன்றில் மல்லிகை பயிரான உட்பிரிவுகளின் மொத்தப் பரப்பு வேண்டப்படுவதாகக் கொண்டால், இங்கே பலரும் சறுக்கும் இடம் ஒன்று புலப்படும். அடங்கலைக் ‘கன்டெயின்’ வழியாகக் கேட்டு அதன்மேல் ‘பயிர் மல்லிகை’ என்று நிபந்தனை விதித்தால், அந்த நிபந்தனை அடங்கல் பதிவுகளை மட்டுமே வடிகட்டும். மல்லிகையே காணாத உட்பிரிவுகளும் வெற்று அடங்கலோடு பட்டியலில் நிற்கும். தாய் வரிகளாகிய உட்பிரிவுகளையும் வடிகட்ட வேண்டுமாயின் ‘மேட்சிங்’ என்னும் வேறு கட்டளை தேவை. ஆனால் ‘மேட்சிங்’ இரு அட்டவணைகளையும் வரிக்கு வரி இணைப்பதால், மல்லிகை மூன்று பசலிகளில் பதிவாகியிருக்கும் உட்பிரிவு விடையில் மூன்று முறை தோன்றும். அப்படியே பரப்பைக் கூட்டினால் நிலம் மும்மடங்காகும். பசலியையும் நிபந்தனையில் சேர்த்தாலும் ஐயம் முழுதும் நீங்குவதில்லை. ஒரே பசலியில் ஒரே பயிருக்கு இரண்டு பதிவுகள் இருக்க வாய்ப்புண்டு. உட்பிரிவின் திறவுகோலை வைத்து மறுதோற்றங்களை நீக்கிய பின்னரே கூட்ட வேண்டும். இத்தகைய பிழையில் நிரல் நின்றுபோகாது, எச்சரிக்கையும் வராது. தவறான எண் ஒன்று நேர்த்தியான அறிக்கையில் அச்சாகும். ஆகவே, உறவுகளைக் கடந்து கூட்டும் எந்தத் தொகையையும் கையால் எண்ணிப் பார்க்கத்தக்க சிறு கிராமத் தரவில் ஒருமுறை சோதித்துவிடுவது முறை.

இதன் மறுபக்கமாக ‘நாட்மேட்சிங்’ என்னும் கட்டளை, நடப்புப் பசலிக்கு அடங்கல் பதிவே இல்லாத உட்பிரிவுகளைத் தரும். அவற்றைத் தரிசு என்று கொள்வது பிழை. தரிசும் பதியப்பட வேண்டிய ஒரு நிலையே. பதிவின்மை என்பது இன்னும் எவரும் எழுதவில்லை என்பதை மட்டுமே உணர்த்தும்.

சேமித்தல் வினவலைவிடப் பொறுப்பு மிகுந்தது. 0.80 ஹெக்டேர் பரப்புள்ள 123/2 என்னும் உட்பிரிவில் 0.30 ஹெக்டேர் விற்கப்பட்டு, உட்பிரிவு செய்து பட்டா மாற்றம் ஆகிறது எனக் கொள்வோம். பழைய உட்பிரிவு 2ஏ என்றும் 2பி என்றும் பிரிய வேண்டும். வாங்கியவர் பெயரில் புதிய பட்டா எழ வேண்டும். 2பி அந்தப் பட்டாவைச் சுட்ட வேண்டும். இணைப்பு அட்டவணையில் வாங்கியவர் இடம்பெற வேண்டும். படிவத்தில் வந்த தரவைச் சட்டகம் முதலில் என்டிட்டிகளாக மாற்றுகிறது. எந்தெந்த உறவுகளின் தரவை ஏற்கலாம் என்பதை ‘அசோசியேட்டட்’ என்னும் பட்டியலில் நிரலர் குறிப்பிடலாம். அவ்வாறு குறிப்பிட்டால், அதில் இல்லாத உறவு படிவத்தில் வந்தாலும் ஒதுக்கப்படும். படிவத்தில் பட்டா எண்ணைத் திருட்டுத்தனமாகச் செருகி அனுப்புவோரைத் தடுக்க, எந்த நெடுவரிசைகளை வெளித்தரவால் மாற்றலாம் என்ற வரையறையும் என்டிட்டியில் தனியே உண்டு.

பின்னர் ‘சேவ்’ கட்டளை உறவுகளின் திசையறிந்து வரிசைப்படுத்துகிறது. ‘பிலாங்ஸ்டு’ உறவில் உள்ள தாய் வரி முதலில் எழுதப்படும். ஏனெனில் அதன் திறவுகோல் தெரிந்தால்தான் அடுத்த வரி அதைத் தாங்க முடியும். அதன்பின் உரிய வரியும், இறுதியில் அதன் பிள்ளை வரிகளும் இணைப்பு வரிகளும் எழுதப்படும். இவை அனைத்தும் ஒரே பரிவர்த்தனைக்குள் நடக்கின்றன. அதாவது, எல்லாம் எழுதப்பட்டால் மட்டுமே நிலைபெறும், இடையில் ஒன்று தவறினாலும் எழுதியவை யாவும் திரும்பப்பெறப்படும். விற்றவர் கணக்கில் நிலம் குறைந்து வாங்கியவர் கணக்கில் ஏறாத இடைநிலை தரவுத்தளத்தில் ஒருபோதும் தங்காது. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் பழைய மைஐசாம் சேமிப்பு முறைக்குப் பரிவர்த்தனையே தெரியாது என்பதையும், இன்னோடிபி போன்ற முறைகளில் மட்டுமே இந்தப் பாதுகாப்பு செல்லும் என்பதையும் பழைய தரவுத்தளங்களைப் பேணுவோர் நினைவிற்கொள்ள வேண்டும். 2ஏ, 2பி ஆகியவற்றின் பரப்புகள் கூடி 0.80 ஆகின்றனவா என்பதைச் சட்டகம் தானாக அறியாது. அதை ஒரு விதியாக நிரலரே எழுத வேண்டும். சுட்டப்படும் பட்டா உண்மையில் உள்ளதா, ஒரே கிராமத்தில் ஒரே உட்பிரிவு எண் இருமுறை வருகிறதா என்னும் இரண்டு சோதனைகளுக்கு ஆயத்த விதிகள் கிடைக்கின்றன.

மிகுந்த கவனம் வேண்டுவது கூட்டுப் பட்டாவைச் சேமிக்கும் இடம். ‘பிலாங்ஸ்டுமெனி’ உறவின் இயல்பான சேமிப்பு உத்தி ‘ரீபிளேஸ்’. அதாவது, இப்போது தரப்படும் பட்டியலே முழுப் பட்டியல் என்று கொண்டு, அதில் இல்லாதோரின் இணைப்பு வரிகளை அது நீக்கிவிடும். நால்வர் பெயர் உள்ள பட்டாவில் ஐந்தாமவரைச் சேர்க்க எண்ணி அவர் பெயரை மட்டும் அனுப்பினால், ஐந்தாமவர் மட்டுமே எஞ்சுவார். ‘ஹாஸ்மெனி’ உறவிலோ இயல்பு உத்தி ‘அப்பெண்ட்’. அங்கே அனுப்பப்படாதவை அப்படியே இருக்கும். ஒரே சட்டகத்தின் இரு உறவுகள் இவ்வாறு எதிரெதிராக நடப்பதற்குக் காரணங்கள் சொல்லப்படலாம் என்றாலும், நிலக் கணக்கு போன்றவற்றில் ‘ரீபிளேஸ்’ ஏற்கத்தக்கதன்று. குடும்பச் சொத்தில் மகள்களுக்கும் சம உரிமை உண்டென்று தமிழ்நாடு 1989-இலேயே இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியது; சட்டம் சேர்த்த பெயரை ஒரு சேமிப்பு உத்தியின் இயல்பு மதிப்பு ஓசையின்றி நீக்கிவிடக் கூடாது. உத்தியை ‘அப்பெண்ட்’ என்று வெளிப்படையாக எழுதுவதும், பெயர் நீக்கத்தைத் தனிச் செயலாக வைத்து, எந்த ஆணையின்படி எந்த நாளில் அது நடந்தது என்பதை இணைப்பு அட்டவணையின் கூடுதல் நெடுவரிசைகளில் பதிவதும் தக்க வழி. இணைப்பு வரிக்குரிய அத்தகைய செய்தியை ‘ஜாயின்டேட்டா’ என்னும் பண்பின் வழியே படிக்கவும் எழுதவும் சட்டகம் இடம் தருகிறது.

தாய் வரியை அழித்தால் பிள்ளை வரிகளையும் சேர்த்து அழிக்கும் ‘டிபென்டென்ட்’ அமைப்பும் இதே வகையினது. வலைப்பதிவின் கட்டுரையை அழிக்கும்போது மறுமொழிகளையும் அழிப்பது பொருத்தமாகலாம். உட்பிரிவை அழித்து அதன் பழைய அடங்கலையும் அழிப்பது, சாகுபடிக்கான சான்றையே அழிப்பதாகும். பிரிந்துபோன 123/2 அழிக்கப்படாமல் ‘வழக்கொழிந்தது’ என்ற குறியோடு இருந்து, 2ஏ, 2பி ஆகியவற்றின் மூலமாகச் சுட்டப்பட வேண்டும்.

கேக்பிஎச்பி எம்ஐடி உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சாதாரணக் கணினியில் எஸ்கியூலைட் தரவுத்தளத்தோடும் இயங்கும். இதைப் பயில விரும்பும் திண்டுக்கல் மாணவர்கள், நிரல் எழுதுவதற்கு முன்பு, தம் வீட்டுச் சிட்டா நகல் ஒன்றையும் அதே நிலத்தின் ‘அ’ பதிவேட்டு நகலையும் அருகருகே வைத்து, எந்த நெடுவரிசை எந்த அட்டவணைக்கு உரியது, எந்த எண் எதைச் சுட்டுகிறது என்பதைத் தாளில் வரைந்து பார்க்க வேண்டும். அந்த வரைபடம் சரியாக அமைந்தால், டேபிள் வகுப்புகளில் எழுத வேண்டிய உறவு அறிவிப்புகள் பத்து வரிகளுக்கு மேல் போவதில்லை.