ஆற்றங்கரைக் கட்டையும் அழகு மீன்களும்

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்போர், ஆற்றங்கரையில் ஒதுங்கிய பழங்கட்டை ஒன்றை அதில் வைத்துப் பார்த்தால், அதன் அழகே தனி என்பார்கள். ஆனால் அந்த அழகை அவசரப்பட்டு அடைய முடியாது என்பதை நாம் நஷ்டப்பட்டே தெரிந்துகொண்டோம்.

ஒரு கார்த்திகை மாதம். தாமிரபரணியில் வெள்ளம் வடிந்திருந்தது. மணல்மேட்டில் மான்கொம்பைப் போல் கிளைத்த கட்டை ஒன்று கிடந்தது. ஆசை யாரை விட்டது? வீட்டுக்குக் கொணர்ந்து, குழாயடியில் கழுவி, அன்று மாலையே தொட்டியில் வைத்தோம். நான்காம் நாள் காலையில் ஜலம் கலங்கி நாற்றமடித்தது. மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பொழுது சாய்வதற்குள் ஐந்தும் மாண்டுபோயின. "கட்டைதானே வைத்தோம்? விஷம் வைக்கவில்லையே, அப்பா!" என்று குழந்தை கேட்டபோது நமக்கு நா எழவில்லை.

கட்டையைப் பிளந்து பார்த்த பிறகுதான் உண்மை விளங்கிற்று. புறத்தே உலர்ந்திருந்த கட்டை உள்ளே பச்சையாயிருந்தது. பச்சை மரம் நீரில் அழுகும். அதை அழுகச் செய்யும் கிருமிகள் பெருகி, நீரிலுள்ள பிராணவாயுவை உட்கொண்டுவிடும். மீன்கள் மூச்சு முட்டியே இறந்திருக்கின்றன!

ஆகவே, நேயர்கள் முதலில் நன்றாய் உலர்ந்த, கெட்டியான கட்டையையே தேட வேண்டும். நகத்தால் அழுத்தினால் பதியக் கூடாது. பிசின் வடியும் மரமும், நஞ்சுள்ள அரளியும் கூடவே கூடாது. சாக்கடை கலக்குமிடத்தில் கிடப்பதையும் தொட வேண்டாம். கடற்கரைக் கட்டையில் உப்பு ஊறியிருக்கும். காப்புக் காடுகளில் அனுமதியின்றி எதையும் எடுக்கலாகாது.

கொணர்ந்த கட்டையைத் தேங்காய் நாரால் நன்றாகத் தேய்க்க வேண்டும், சோப்பு உதவாது. பிறகு பெரிய அண்டாவில் 1 அல்லது 2 மணி நேரம் கொதிக்க வைத்தால் பூச்சிகளும் முட்டைகளும் அழியும். அப்பால் 2, 3 வாரங்கள் தண்ணீரில் ஊறப்போட்டு, இரண்டு நாளைக்கு ஒரு முறை நீரை மாற்றி வர வேண்டும். கட்டை தானே அமிழும் வரையில் பொறுமை அவசியம். அமிழாவிட்டால் கருங்கல் பலகையில் கட்டி வைக்கலாம்.

ஊறும் நீர் தேயிலைக் கஷாயம் போல் சிவந்தால் அஞ்ச வேண்டாம். மரத்திலுள்ள துவர்ப்புச் சத்தே அது. தென் அமெரிக்காவின் ரியோ நீக்ரோ நதி இப்படிக் கருத்த நீரையுடையதே. கார்டினல் டெட்ரா என்னும் சின்னஞ்சிறு வண்ண மீன் அங்கே சுகமாய் வாழ்கிறது. தொட்டியில் வைத்த புதிதில் கட்டைமேல் வெண்படலம் படர்வதும் உண்டு. பெரும்பாலும் அது தீங்கற்றது, துடைத்துவிட்டால் போதும்.

மறுபடியும் நாம் ஒரு கட்டை எடுத்து வந்தோம். இம்முறை ஊறவைக்கும் நீரைத் தினந்தோறும் எட்டிப் பார்த்தவள் நம் குழந்தையே. "இன்னும் சிவப்பு போகவில்லை, அப்பா, பொறுங்கள்!" என்பாள். நீர் தெளிந்த அன்றுதான் புதிய மீன்களைத் தன் கையாலேயே அவள் தொட்டியில் விட்டாள்.