மாவுப்பூச்சியின் முதுகில் ஒரு துளை

கொங்கு நாட்டில் பூச்சிக்கொல்லிக்கு 'மருந்து' என்றுதான் பெயர். பொடக்காலிச் செம்பருத்தியில் வெள்ளையாக எதையாவது பார்த்துவிட்டால், "மருந்தடிச்சாச்சா?" என்று கேட்பதே வழக்கம். வீட்டுத் தோட்டம் போடுகிறவர்களுக்குச் சொல்லித்தர வேண்டிய முதல் பாடம், அந்தக் கேள்வியைத் தள்ளிவைப்பதுதான். அதற்கான சான்றைத் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி, இந்தியாவில் முதன்முதலாக 2008-ல் கண்டறியப்பட்டது கோவையில்தான். பப்பாளியோடு நிற்காமல் மல்பெரி, மரவள்ளி, பருத்தி, கொய்யா என்று ஈரோடு, திருப்பூர், சேலம் வரை பரவியது. மருந்து அடித்துப் பார்த்தார்கள், அடங்கவில்லை. பூச்சியின் உடல்மேல் மெழுகுப் பூச்சு. முட்டைகளோ பஞ்சுப் பைக்குள். தெளித்தது வழுக்கி ஓடியது, பூச்சியைத் தின்ன வந்த பொறிவண்டுகள்தாம் செத்தன. வேலியோரம் கிடந்த பார்த்தீனியத்திலும் அது பெருகியதால், பயிரில் அழித்தது களையிலிருந்து திரும்பி வந்தது. பூச்சி வேறு, களை வேறு என்று பிரித்துப் பார்ப்பவருக்கு இது பிடிபடாது.

2010-ல் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்ற ஒட்டுண்ணிக் குளவி வரவழைக்கப்பட்டது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதைப் பெருக்கி வயல்களில் விட்டது. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத குளவி அது. இளம் மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும். புழு உள்ளிருந்தே தின்று வளரும். பூச்சி உப்பி, தோல் இறுகிப் பழுப்புக் கூடாகும். அதில் வட்டமாக ஒரு துளை தெரிந்தால் குளவி வெளியேறிவிட்டது என்று பொருள். அடுத்த ஆண்டுக்குள் பெரும்பாலான இடங்களில் மாவுப்பூச்சி ஒடுங்கியது.

அது அரசாங்கம் செய்த வேலை, ஒரே ஒருமுறை வாய்த்தது என்று சிலர் சொல்லலாம். ஆனால் 2016-ல் பொள்ளாச்சித் தென்னைகளில் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ வந்தபோது, என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவி யாரும் விடாமலே தோப்புகளில் பெருகியது. மருந்தடித்தால் அதுவும் சாகும் என்பதால்தான் மஞ்சள் ஒட்டுப்பொறியையும், ஓலையின் அடிப்பக்கத்தில் தண்ணீர் பீய்ச்சுவதையும் பரிந்துரைத்தார்கள்.

குளவி வரும்வரை செடி தாங்குமா என்பது நியாயமான கேள்வி. அதுவரை கைகட்டி நிற்கச் சொல்லவில்லை. பழுப்புக் கூடே தென்படாமல் பூச்சி அப்பிக் கிடக்கும் கொழுந்தைக் கிள்ளி எரித்துவிடலாம். மெழுகு படியாத இளம் குஞ்சுகளுக்குச் சோப்புத் தண்ணீரே போதும். தண்டில் ஏறும் எறும்பு வரிசையை மறிப்பது எல்லாவற்றிலும் முக்கியம். பூச்சி கசியவிடும் இனிப்பு நீருக்காக, எறும்பு அதற்குக் காவல் நின்று குளவியை விரட்டும். வேப்பெண்ணெய் இயற்கையானதுதானே என்று வாரந்தோறும் அடிப்பவர்களும் யோசிக்க வேண்டும்: எண்ணெய்ப் படலம் குளவியையும் விட்டுவைக்காது. மருந்தே வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. இலையைத் திருப்பி, லென்ஸ் வைத்துக் கூடு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அந்தப் பேச்சு.

கூடு இருந்து, இன்னும் துளை விழாமல் இருந்தால், அந்தக் கிளையை வெட்டி, மாவுப்பூச்சி பிடித்த பக்கத்துச் செடியில் கட்டிவிடலாம். சில நாளில் குளவிகள் அங்கே வெளிவரும்.