கேதா கிராமங்களின் குட்டி டிவி ஸ்டேஷன்... டிரான்ஸ்மிட்டர் சென்னைக்கு வந்தது ஏன்?

1985-ல் குஜராத்தில் இருந்து ஒரு டிவி டிரான்ஸ்மிட்டரைக் கழற்றி சென்னைக்குக் கொண்டு வந்தார்கள். சென்னைக்கு இரண்டாவது சேனல் வேண்டும் என்பதற்காக! அதை இழந்தது கேதா மாவட்டம். 1918-ல் காந்தி சத்தியாகிரகம் நடத்திய அதே கேதா.

இந்தக் கதை தொடங்கியது 1975-ல். சென்னைக்கு தூர்தர்ஷன் வந்ததும் அதே வருஷம்தான். கேதாவில் பிஜ் என்ற கிராமத்தில் டிரான்ஸ்மிட்டரை நிறுவியது இஸ்ரோ. ஆமாம், ராக்கெட் விடும் அதே இஸ்ரோ! டிவி முதலில் கிராமத்துக்குத்தான் போகணும் என்பது விக்ரம் சாராபாயின் கனவு.

பவர் குறைவு... அதனால் என்ன?

பிஜ் டிரான்ஸ்மிட்டரின் சக்தி வெறும் 1 கிலோவாட். ஒரு அயர்ன் பாக்ஸ் இழுக்கும் கரண்ட் அளவுதான். டிவி அலைகள் கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும். சக்தியும் குறைவு என்பதால் சில பத்து கிலோமீட்டரைத் தாண்டினால் படம் புள்ளி புள்ளியாகிவிடும்.

கேட்க குறை மாதிரி இருக்கும். ஆனால் பிஜ்ஜின் பலமே அதுதான். பார்ப்பவர்கள் எல்லாம் ஒரே வட்டாரம். அதே புகையிலை வயல், அதே பால் கூட்டுறவு சங்கம், அதே சரோத்தரி பேச்சு. டெல்லியில் உட்கார்ந்து நாடு முழுவதுக்கும் நிகழ்ச்சி எடுப்பவரால் ஒரு வட்டாரத்தின் கூலித் தகராறைப் பேச முடியுமா? பிஜ் பேசியது. குறைந்தபட்சக் கூலி, சாதி ஒதுக்கல், குடி, வரதட்சணை என எல்லாமே நாடகமாக வந்தது. கிராமத்து ஆட்களே கதை சொன்னார்கள், நடித்தார்கள். எடுப்பதற்கு முன்னாடி ஊருக்குப் போய் விசாரிப்பார்கள், ஒளிபரப்பான பிறகும் போய் 'எப்படி இருந்துச்சு?' என்று கேட்பார்கள். இன்றைய டிஆர்பி இதில் பாதி வேலையைக்கூட செய்வதில்லை.

வீட்டுக்கு வீடு டிவி கிடையாது. சுமார் 400 கிராமங்களில், 600-க்கும் மேற்பட்ட பொது டிவி பெட்டிகள். ஊரே கூடி உட்கார்ந்து பார்க்கும்.

விருது வந்தது, டிரான்ஸ்மிட்டர் போனது

1984-ல் கிராமப்புறத் தகவல் தொடர்புக்கான யுனெஸ்கோ பரிசு கேதாவுக்குக் கிடைத்தது. அடுத்த வருஷமே பிஜ் டிரான்ஸ்மிட்டருக்கு மூட்டை கட்டிவிட்டார்கள். அகமதாபாத்தில் பெரிய டிரான்ஸ்மிட்டர் வந்தாச்சு, அதன் சிக்னலே கேதா வரை எட்டும், அப்புறம் எதுக்கு இது என்பதுதான் காரணம். மக்கள் போராடிப் பார்த்தார்கள். பலிக்கவில்லை.

சிக்னல் எட்டியது உண்மைதான். ஆனால் பெரிய டிரான்ஸ்மிட்டரின் எல்லைக்குள் நகரமும் உண்டு, பல மாவட்டங்களும் உண்டு. அதில் கேதாவும் ஓர் ஓரம், அவ்வளவுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே காலத்தில் நாடு முழுவதும் குறைந்த சக்தி டிரான்ஸ்மிட்டர்கள் முளைத்துக்கொண்டிருந்தன. 1984-ல் சில மாதங்கள் ஒரு நாளைக்கு ஒன்று என்ற வேகம்! பெரும்பாலும் 100 வாட்தான், பிஜ்ஜில் பத்தில் ஒரு பங்கு. ஆனால் அவற்றுக்கு ஸ்டூடியோ கிடையாது. இன்சாட் செயற்கைக்கோள் வழியே வரும் டெல்லி நிகழ்ச்சியை வாங்கி அப்படியே விடும் வேலை மட்டும்தான்.

முக்கியத்துவம் வாய்ந்த சில இடங்களைத் தவிர, பழைய அனலாக் டிரான்ஸ்மிட்டர்களை 2022-க்குள் நிறுத்த பிரசார் பாரதி முடிவு செய்தது. இப்போது கிராமத்தில் கட்டணம் இல்லாமல் தூர்தர்ஷன் பார்க்க டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது. கேதாவில் வைத்தாலும் கன்னியாகுமரியில் வைத்தாலும் அதில் ஒரே சேனல் பட்டியல்தான் வரும்.