கண்ணாடிக் கிண்ணத்தில் நான் கண்ட நட்டம்



அடம்பனில் யன்னல்களுக்குக் கண்ணாடி வெட்டிக் கொடுப்பது எனது தொழில். மிஞ்சும் துண்டுகள் கடைக்குப் பின்னால் குவிந்து கிடந்தன. காசு கொடுத்து வாங்கிய சரக்கு வீணாகிறதே என்றுதான் ஒரு சிறிய மின்சூளை வாங்கினேன். கண்ணாடி வேலை இந்த மண்ணுக்குப் புதிதுமல்ல. பக்கத்து மாந்தையில் 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் நடந்த அகழாய்வில் ஏராளமான கண்ணாடி மணிகள் கிடைத்தன. அவற்றோடு வளைகுடா நாட்டு மட்பாண்டங்களும் கிடைத்தன.

துண்டுகளை அடுக்கி 800 பாகை செல்சியஸ் அளவில் சூடாக்கினால் உருகி ஒரே பலகையாகும். அதை ஆறவிட்டு, அச்சின்மேல் வைத்து மறுபடி 700 பாகை அளவுக்கு ஏற்றினால், தன் பாரத்திலேயே வளைந்து அச்சின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். ஒட்டாமலிருக்க அச்சுக்கு வெண்களிப் பூச்சு பூச வேண்டும்.

நான் மண்சட்டியைக் கவிழ்த்து அதன்மேல் வளைத்தேன். முதல் 12 கிண்ணங்களில் 7 வெடித்தன! பிறகுதான் காரணம் விளங்கியது. ஆறும்போது கண்ணாடி சுட்ட மண்ணைவிட அதிகமாகச் சுருங்கும். உள்ளே இருக்கும் சட்டி விட்டுக்கொடுக்காது, கண்ணாடிதான் உடையும். எவர்சில்வரோ கண்ணாடியைவிட அதிகமாகச் சுருங்கித் தானே கழன்றுகொள்ளும். எனவே கவிழ்த்து வளைக்க எவர்சில்வர் அச்சு, குழிக்குள் இறக்க மண் அச்சு.

மீதி 5 கிண்ணங்களும் ஒரு கலியாண வீட்டுக்கு ஒப்புக்கொண்டவை. பார்வைக்கு ஒரு பழுதும் இல்லை. ஆனால் அவசரத்தில் சூளையை நேரத்தோடு திறந்துவிட்டேன். 550 பாகை அளவில் ஒரு மணித்தியாலம் நிறுத்தி, பிறகு மெதுவாக ஆறவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இறுக்கம் தங்கி, என்றோ ஒரு நாள் சூடான கறி ஊற்றும்போது விரியும். இதைப் பார்க்க ஒரு வழி உண்டு. போலரைஸ்ட் தாள் இரண்டை வெளிச்சம் மறையும்படி குறுக்காகப் பிடித்து, நடுவே கிண்ணத்தை வைக்க வேண்டும். இறுக்கமுள்ள இடம் பளிச்சென்று தெரியும். என்னுடையதில் 4 பளிச்சிட்டன.

நனைந்த தானியத்தை அடியில் மறைத்த வியாபாரியின் ஹதீஸ் நாமெல்லாம் கேட்டதுதான். மணமகளின் வாப்பாவிடம் போய் விசயத்தைச் சொல்லி முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். "சொன்னது நல்லது தம்பி, பீங்கான் எடுக்கிறேன்" என்றார். முகம் வாடித்தான் இருந்தது. அவருக்கும் நாள் நெருங்கிவிட்டதே.

அந்த 4 கிண்ணங்களையும் மீண்டும் 550 பாகையில் வைத்து ஆறவிட்டேன். அல்ஹம்துலில்லாஹ், இறுக்கம் போய்விட்டது. ஆனால் விரிவு வேறுபட்ட இரண்டு வகைக் கண்ணாடியைச் சேர்த்து உருக்கினால் இந்த வைத்தியம் பலிக்காது. ஒரே தகட்டின் துண்டுகளையே சேருங்கள்.

விலை போடும்போது இரண்டு சூட்டுக்கும் மின்கட்டணத்தைக் கணக்கில் எடுக்க மறக்க வேண்டாம். நான் முதலில் ஒன்றைத்தான் போட்டிருந்தேன்.