சின்னமுத்து: தடிப்பு தெரியும்போது காலம் கடந்துவிடும்

2019 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையைச் சின்னமுத்து ஒழிக்கப்பட்ட நாடாக அறிவித்தது. 2023இல் நோய் மறுபடியும் பரவியது. தடுப்பூசி தவறிய பிள்ளைகள் இருக்கும் இடத்தில்தான் இந்த நோய்க்கு வழி கிடைக்கிறது. நம் சமூகத்திலும் ஊசியை மறுக்கும் குடும்பங்கள் உண்டு, அதை மறைப்பதில் பயனில்லை.

ஆரம்பப் பிரிவில் கற்பிக்கும் எனக்குள்ள கவலை வேறொன்று. முதல் சில நாட்கள் இது சாதாரண தடிமன் காய்ச்சல் போலவே இருக்கும். காய்ச்சல், இருமல், மூக்கு வடிதல், சிவந்த கண்கள். கன்னத்தின் உட்புறத்தில் உப்புக்கல் போன்ற வெண்புள்ளிகள் தெரியலாம், ஆனால் அதை யார் பார்க்கிறார்கள்? பிறகுதான் காதுக்குப் பின்னாலும் முகத்திலும் தொடங்கி உடம்பெங்கும் சிவப்புத் தடிப்பு இறங்கும். தடிப்பு வருவதற்கு நான்கு நாட்களுக்கு முன்பிருந்தே அந்தப் பிள்ளை நோயைப் பரப்பிக்கொண்டிருக்கும். அது வகுப்பைவிட்டுப் போன பின்னரும் கிருமி இரண்டு மணித்தியாலம் வரை காற்றில் தங்கும். எதிர்ப்புச் சக்தி இல்லாத பத்துப் பேர் அருகில் இருந்தால் ஒன்பது பேருக்குத் தொற்றும். நாங்கள் கண்டுபிடித்து வீட்டுக்கு அனுப்பும்போது வேலை முடிந்திருக்கும்.

நிமோனியா, மூளை அழற்சி வரை இது போகலாம். பிழைத்த பிள்ளையும் மற்ற நோய்களுக்கு எதிராக ஏற்கெனவே பெற்றிருந்த எதிர்ப்புச் சக்தியில் ஒரு பகுதியை இழந்துவிடுகிறது.

நம் நாட்டில் எம்.எம்.ஆர். ஊசி 9 மாதத்திலும் 3 வயதிலும் போடப்படுகிறது. நூற்றுக்கு 95 பேராவது இரண்டையும் போட்டிருந்தால்தான் வீட்டிலுள்ள, ஊசி போடும் வயது வராத கைக்குழந்தைக்கும் பாதுகாப்பு.

“அதில பன்றி ஜெலட்டின் இருக்காமே சேர்” என்று உம்மாமார் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். சில தயாரிப்புகளில் அது சேர்க்கப்படுவது உண்மை. 1995இல் குவைத்தில் இஸ்லாமிய மருத்துவ விஞ்ஞான அமைப்பு கூட்டிய கருத்தரங்கில் உலமாக்களும் வைத்தியர்களும் இதை ஆராய்ந்தார்கள். மூலப்பொருள் வேறொன்றாக மாறிவிடுவதால், அதாவது இஸ்திஹாலாவினால், அந்த ஜெலட்டின் சுத்தமானது, ஆகுமானது என்று முடிவு செய்தார்கள். ஹஜ்ஜுக்குப் போகுமுன் மெனிங்கோகொக்கல் தடுப்பூசி கட்டாயம். அதைப் போட நம்மில் எவரும் தயங்கிப் பார்த்ததில்லை.

பிள்ளையின் கிளினிக் கொப்பியை இன்றே எடுத்துப் பாருங்கள். எம்.எம்.ஆர். இரண்டில் ஒன்று விடுபட்டிருந்தால் பிந்தியும் போடலாம். எம்.ஓ.எச். கிளினிக்கில் இலவசம். முந்திய ஊசிக்குக் கடும் ஒவ்வாமை வந்திருந்தாலோ, எதிர்ப்புச் சக்தி குறையும் மருந்து எடுக்கும் பிள்ளையாக இருந்தாலோ, அதை வைத்தியரிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.