இரு கணினிகளும் ஒரு வடமும்: தீவக ஆவணங்களைப் படியெடுத்தல் பற்றிய ஒரு குறிப்பு

ஓர் ஆவணத்துக்கு ஒரே படி மட்டும் இருக்குமாயின், அது வைக்கப்பட்டுள்ள கட்டடத்தின் ஆயுளே அதன் ஆயுளாகும். 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, வேறெங்கும் படியில்லாத ஏடுகள் மீளப்பெற முடியாதவாறு அழிந்தன. 1990 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத் தீவகம் போர்க்களமாகியமையால் மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். காணி உறுதிகளும் நிழற்படங்களும் குறிப்பேடுகளும் வீடுகளிலேயே கைவிடப்பட்டன.

எஞ்சியவற்றை ஒளிவருடிக் கணினியிற் சேமித்தல் இன்று எளிதாயிற்று. ஆயின் ஒரே கணினியிலுள்ள கோப்பும் ஒற்றைப் படியே என்பது கருத்திற் கொள்ளத்தக்கது. இரண்டாவது படியெடுக்க இணையம் இன்றியமையாதது என்னும் எண்ணம் பரவலாக உண்டு. உண்மையில், ஒரு வீட்டிலுள்ள இரு கணினிகளை ஈதர்நெட் வடமொன்றால் நேரே இணைத்தலே போதுமானது. இம்முறையின் மூலக்கருத்து 1973 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செரொக்ஸ் ஆய்வுகூடத்தில் உருவானது.

பழைய கணினிகளில் அனுப்பும் முனைகள் 1, 2 ஆகவும், பெறும் முனைகள் 3, 6 ஆகவும் அமைந்தன. இரண்டையும் சாதாரண வடத்தால் இணைப்பின் பேசும் வாய் பேசும் வாயையே சந்திக்கும். ஆகவே கம்பிகளை மாற்றிப் பின்னிய குறுக்கு வடம் தேவைப்பட்டது. கிகாபிட் வேகமுடைய இன்றைய கணினிகள் இம்மாற்றத்தைத் தாமே செய்துகொள்கின்றன.

அடுத்து, ஒன்றுக்கு 192.168.0.1 எனவும் மற்றதற்கு 192.168.0.2 எனவும் முகவரியிட்டு, இரண்டுக்கும் 255.255.255.0 என்னும் வலையமைப்பு மறைப்பெண்ணை வழங்குதல் வேண்டும். பின்னர் முதற் கணினியில் ஒரு கோப்புறையைக் கடவுச்சொல்லுடன் பகிர்ந்து, வாசிக்கும் உரிமையை மட்டும் அளித்தால், மூல ஆவணம் தவறுதலாக அழியாது. வடத்தின் நீளம் 100 மீற்றர் வரை இருக்கலாம். கிகாபிட் இணைப்பில், வட்டுகளும் ஈடுகொடுப்பின், 10 கிகாபைட் அளவான கோப்புகள் இரண்டு நிமிடத்துக்குள் சென்றடையும். மின்கலத்தில் இயங்கும் மடிக்கணினிகளாயின் மின்தடையும் இடையூறாகாது.

இங்கு கோப்புகள் எந்த நிறுவனத்தின் சேமிப்பகத்தையும் கடந்து செல்வதில்லை. நெடுந்தீவிலோ நயினாதீவிலோ வாழும் ஒரு குடும்பம், பிறரது அனுமதியோ கட்டணமோ இன்றித் தன் ஆவணத்தைத் தானே பேணலாம் என்பதே இதன் சமூகப் பயன்.

எனினும் ஒரே கூரையின் கீழுள்ள இரு படிகளும் ஒரே தீயில் அழியக்கூடியன. ஆகவே படியெடுத்த கோப்புகளைத் திறந்து சரிபார்த்தபின், ஒரு கணினியேனும் படகேறிக் குறிகட்டுவானைக் கடந்து வேறோர் ஊரைச் சேர்தல் வேண்டும். வடம் படியைப் பெருக்கும். பாதுகாப்பைத் தருவது இடவேறுபாடே.