வட்டுச் சேமிப்பு மேலாண்மையில் நிலைப்பகுப்பும் நெகிழ்தொகுதியும்

முன்னுரை

எப்பயன்பாட்டிற்கு எவ்வளவு இடம் தேவைப்படும் என்பதை இயங்குதளத்தை நிறுவும் நாளிலேயே முடிவுசெய்ய வேண்டியிருப்பது வட்டு மேலாண்மையின் அடிப்படைச் சிக்கலாகும். லினக்ஸ் இயங்குதளத்தில் எல்.வி.எம். எனப்படும் தருக்கத் தொகுதி மேலாண்மை இதற்குத் தரும் தீர்வையும், அத்தீர்வுடன் வரும் இடரையும் இக்கட்டுரை விளக்குகிறது.

நிலைப்பகுப்பின் இயல்பு

பார்ட்டிஷன் எனப்படும் நிலைப்பகுப்பு, வட்டில் தொடர்ச்சியாக அமைந்த ஓர் இடப்பரப்பாகும். 1983இல் டாஸ் 2.0 பதிப்புடன் அறிமுகமான எம்.பி.ஆர். அட்டவணையில் நான்கு முதன்மைப் பகுப்புகளுக்கே இடமுண்டு. 512 பைட் அளவுள்ள வட்டுக்கூறுகளை 32 பிட் எண்களால் குறிப்பதால், ஏறத்தாழ 2 டெராபைட்டுக்கு அப்பாலுள்ள இடத்தை அதனால் சுட்ட இயலாது. பின்வந்த ஜி.பி.டி. அட்டவணை இவ்வரம்புகளைக் கடந்தது. எனினும் தொடர்ச்சி என்னும் நிபந்தனை நீங்கவில்லை.

சான்றாக, 500 ஜிபி வட்டில் தரவுத்தளத்திற்கு 100 ஜிபியும், அதனையடுத்துப் பயனர் கோப்புகளுக்கு 400 ஜிபியும் ஒதுக்கப்பட்டதாகக் கொள்வோம். முதற்பகுப்பு நிரம்பும்போது இரண்டாவதில் 300 ஜிபி வெறுமையாக இருப்பினும் அது உதவாது. இரண்டாம் பகுப்பைச் சுருக்கி, அதிலுள்ள தரவை நகர்த்திய பின்னரே முதற்பகுப்பை விரிக்க முடியும்.

நெகிழ்தொகுதியின் அமைப்பு

எல்.வி.எம். மூன்று அடுக்குகளால் ஆனது. வட்டுகளோ பகுப்புகளோ முதலில் பருநிலைத் தொகுதிகளாக்கப்படுகின்றன. அவை ஒரு தொகுதிக் குழுவாக இணைக்கப்படுகின்றன. அக்குழுவிலிருந்து தருக்கத் தொகுதிகள் பெறப்படுகின்றன. குழுவின் இடம், இயல்பாக 4 எம்பி அளவுள்ள துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. 100 ஜிபி தொகுதி என்பது 25,600 துண்டுகளின் வரிசையேயாகும். எத்துண்டு எவ்வட்டில் எவ்விடத்தில் உள்ளது என்பதை ஓர் அட்டவணை காட்டுவதால், துண்டுகள் அடுத்தடுத்து அமையத் தேவையில்லை. ஆகவே குழுவில் எஞ்சியுள்ள துண்டுகளைச் சேர்த்து, கணினியை நிறுத்தாமலே தொகுதியை விரிக்கலாம். பழைய வட்டிலுள்ள துண்டுகளைப் புதிய வட்டிற்கு மாற்றவும் செய்யலாம்.

நெகிழ்வின் இடர்கள்

விரிக்கும்போது முதலில் தொகுதியையும் பின்னர் கோப்பு முறைமையையும் பெருக்க வேண்டும். சுருக்கும்போது இவ்வரிசை தலைகீழாகும். பிறழ்ந்தால் தரவு அழியும்.

இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. ஒரு தொகுதி, நகலின்றி இரு வட்டுகளில் பரவியிருக்கையில் ஒரு வட்டு பழுதடைந்தாலும் கோப்பு முறைமை முழுமையும் சிதையக்கூடும். ஒவ்வொரு வட்டும் ஓராண்டில் பழுதடையும் வாய்ப்பு 5 விழுக்காடு எனக் கொண்டால், இரண்டில் ஒன்றேனும் பழுதடையும் வாய்ப்பு 9.75 விழுக்காடாகிறது.

ஸ்னாப்ஷாட் எனப்படும் கணநிலைப் படியும் காப்புநகலாகாது. அது மாற்றமுற்ற பகுதிகளின் பழைய வடிவை மட்டுமே அதே குழுவில் சேமிக்கிறது. ஒதுக்கிய இடம் நிரம்பினால் பயனற்றதாகிறது.

முடிவுரை

இவ்விரு முறைகளும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. யூ.இ.எஃப்.ஐ. கணினியின் தொடக்கக் கோப்புகளுக்கு நிலைப்பகுப்பே தேவை. வளர்ச்சியை முன்னறிய இயலாத தரவிற்கு நெகிழ்தொகுதி பொருந்தும். தொகுதிகளைச் சிறிதாகத் தொடங்கி, குழுவில் இடத்தை எஞ்சவிட்டு, தேவைக்கேற்ப விரிப்பதே தக்க நடைமுறையாகும். நெகிழ்வு இடப்பற்றாக்குறையைத் தீர்க்குமேயன்றித் தரவைக் காக்காது. அதற்குக் குழுவிற்கு வெளியே வைக்கப்படும் காப்புநகல் இன்றியமையாதது.